நெல் கடிக்கும் பல்லுக்கு ஒரு ஃபில்லிங்

"ஃபில்லிங் தாங்கும்மா. பல்லு தாங்குமான்னுதான் எனக்குச் சந்தேகம்" என்றார் பல் டாக்டர்.

எனக்குச் சுருக்கென்றது. நாலு தடவை குத்தாலத்திலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ் ஏறி, நாலு தடவையும் ஊசி போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்தபடி மணிக்கணக்கில் படுத்திருந்தவள் நான். கடைசியில் என் பல்லையே சந்தேகப்பட்டால் கோபம் வராதா? பதில் சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் வாய்க்குள் இரண்டு பக்கமும் பஞ்சு.

டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். திருவையாற்றுப் பக்கத்துப் பெண். அதட்டவே தெரியாத குரல். அந்தக் குரலிலேயே எல்லா அதட்டலையும் போட்டுவிடுவார். என் வலது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் செய்து முடித்து, பல் நிறத்திலேயே ஒரு பசையை வைத்து நிரப்பி, பேனா மாதிரி ஒன்றிலிருந்து நீல வெளிச்சம் அடித்தார். நான் இருபது எண்ணுவதற்குள் பசை கல்லாகிவிட்டது. எங்கள் வீட்டு மாடிப்படிக்குப் போட்ட சிமெண்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினேன். இது என்ன மாயமோ என்று நாக்கால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது மாதிரி இருந்தது.

"இவ்வளவு கெட்டியா இருக்கே, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று பஞ்சை எடுத்ததும் கேட்டேன்.

"நான் வெச்சது கெட்டிதான். அதைச் சுத்தி இருக்கிற உங்க பல்லு மெலிசாப் போச்சு. ஒரு பக்கச் சுவரே சொத்தைல போயிடுச்சு, அதை இந்தப் பசையாலதான் கட்டியிருக்கேன். சின்ன ஓட்டையா இருந்திருந்தா இதோட விட்டுடலாம், வருஷக்கணக்குல ஓடும். உங்களுக்கு அப்படி இல்ல. அழுத்திக் கடிச்சீங்கன்னா மிச்சமிருக்கிற சுவரு வெளிய விரியும். மேல ஒரு கேப் போட்டாத்தான் எல்லாத்தையும் சேத்துப் புடிக்கும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாய்க்காலில் உடைப்பெடுத்தால் மண்ணும் சாக்கும் போட்டு அடைப்போம். அடுத்த வெள்ளத்தில் அடைத்த இடம் அசையாமல் நிற்கும், அதற்குப் பக்கத்துப் பழைய கரைதான் போகும். இதை டாக்டரிடம் சொன்னேன். "கரெக்டும்மா, அதேதான்" என்று சந்தோஷப்பட்டார். இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட ஒருத்திதான் அடுத்த மாதம் அந்தக் காரியத்தைச் செய்தாள் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பல்லுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், என்னிடம் அரைக்கிற பல் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பற்கள் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அப்போது என் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். நான் இங்கே நாலு ஏக்கர் சொந்த நிலம், மூன்று ஏக்கர் குத்தகை நிலம் எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடவு நேரத்தில் பல்வலி வந்தது. கிராம்புத் தைலம் தடவினேன். வலி போகவில்லை. பார்த்து வைத்தியம் செய்ய நாலு தடவை வரவேண்டும் என்றார்கள், பிடுங்க ஒரு தடவை போதும் என்றார்கள். பிடுங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் வயலுக்குத் திரும்பிவிட்டேன். அதில் அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வலது பக்கத்திலும் மற்றவை பிறகு இப்படியே ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

"இந்த ஒண்ணும் போச்சுன்னா அப்புறம் முன்பல்லாலதான் கொறிச்சுச் சாப்பிடணும்" என்று டாக்டர் இப்போது தெளிவாகச் சொன்னார். "ரெண்டு வாரத்துல வாங்க, கேப்புக்கு அளவு எடுத்துடலாம். அதுவரைக்கும் கடிக்கக் கூடாததை எல்லாம் எழுதித் தரேன்."

முறுக்கு, கரும்பு, எலும்பு, கடலை உருண்டை, பாக்கு, ஐஸ் கட்டி. இவ்வளவுதான் பட்டியல். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன்.

நான் சொன்ன பேச்சு கேட்பவள் இல்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் ஒரு எழுத்து மீறவில்லை. பொங்கலுக்கு வீட்டு வாசலில் கட்டுக் கட்டாகக் கரும்பு. என் வீட்டுக்காரர் எனக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாறு மோவாயில் வழிய வழிய ஒரு முழுக் கரும்பைக் கடித்துத் தின்றார். "ரொம்ப இனிப்பு இந்த வருஷம்" என்று எனக்குத் தகவல் வேறு. நான் ஒரு டம்ளர் கரும்புச் சாறு குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டேன். மாட்டுப் பொங்கலுக்கு நல்லி எலும்பை அவர் தட்டில் தள்ளிவிட்டேன். இந்தக் கட்டுப்பாட்டை நினைத்து எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

ரெண்டு வாரம் ஆனபோது சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. வெளி மாவட்டத்திலிருந்து வந்த அறுவடை மெஷின் ஊருக்கு ரெண்டுதான். நம் வயலுக்கு வரும்போது நாம் இல்லையென்றால் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும், அப்புறம் பிடிக்க முடியாது. "கேப்பு எங்க ஓடிடப் போவுது, அறுப்பு முடியட்டும்" என்று நான்தான் சொன்னேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரர் தடுத்தார். நான் கேட்கவில்லை.

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நெல் காய்ந்திருக்கும் இடத்தை யாரும் சும்மா தாண்டிப் போகமாட்டார்கள். குனிந்து நாலு நெல்லை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து ஊதி, கடைவாயில் போட்டுக் கடிப்பார்கள். படக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. மசிந்து நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். தன் நெல், அடுத்தவன் நெல் என்ற பேதம் கிடையாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டு வாசலில் நெல் கிடந்தாலும் போகிற போக்கில் நாலைக் கடித்து, "இன்னிக்கு அள்ளிடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போய் அழுவோம். கை தானாகப் போகும், வாய் தானாகத் திறக்கும்.

அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். அவர் துபாயில் இருந்த வருஷங்களில் எனக்கு யார் வந்து சொல்வார்கள்? என் பல்தான் சொன்னது. அவர் திரும்பி வந்த பிறகு ஈரப்பதம் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கலாம் என்றார். "வீட்டுல ஒண்ணு இருக்கு, அது பேசவும் செய்யும்" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் தந்த பட்டியலில் சாப்பிடுகிற பொருட்கள் இருந்தன. நெல்லை யார் சாப்பிடுகிறார்கள்? கடித்துவிட்டுத் துப்புகிறோம். அதனால் அது கடிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. கரும்பைத் தொடாமல் விரதம் காத்த நான், ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைத்த நாலு நாளும் அந்த ஒரே பல்லால், கேப் போடாத அந்தப் பல்லால், காலையிலிருந்து சாயங்காலம் வரை நெல் கடித்துக்கொண்டிருந்தேன். நரம்பை எடுத்துவிட்ட பல் வலிக்காது. இது வேண்டாம் என்று எனக்குச் சொல்லவும் அதற்கு வழியில்லை.

நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் குவித்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் பனி கொட்டியது. வானமும் மூடிக்கொண்டு வந்தது. எங்கள் முறை வந்தபோது அங்கிருந்த அலுவலர் ஒரு கைப்பிடி நெல்லை மெஷினில் போட்டார். நம்பரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஈரம் இருக்கும்மா. இன்னும் ஒரு வெயில் காயப்போட்டு எடுத்துட்டு வாங்க."

"ஈரமா? நாலு நாள் காஞ்ச நெல்லு சார் இது."

"நான் என்னம்மா செய்யிறது, மெஷின் சொல்லுது."

நல்ல மனிதர். தொண்டை கட்டிப்போய், யாரிடமும் எரிந்து விழாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மெஷின் சொல்லுது என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. பின்னால் என் வீட்டுக்காரர் வேறு, "அவரு சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்று மெல்லச் சொன்னார். அவ்வளவுதான்.

"இங்க பாருங்க சார்" என்று குவியலிலிருந்து ஐந்தாறு நெல்லை மொத்தமாக அள்ளி வலது கடைவாயில் போட்டேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று, என் ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஒரே கடி.

படக்!

மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கே கேட்டது. "அடேங்கப்பா, அக்கா வாயிலேயே வெடிக்குது சார்!" என்றார் ஒருவர். நான் அலுவலரைப் பார்த்து, இப்போ என்ன சொல்றீங்க என்பது போல மோவாயைத் தூக்கினேன். அவர் குழம்பிப்போனார். "சரிம்மா, இன்னொரு தடவை பாத்துடறேன்" என்று மறுபடியும் மெஷினிடம் போனார்.

அப்போதுதான் என் நாக்கு ஒரு கூரான இடத்தில் இடித்தது.

மெல்லத் திரும்பிக்கொண்டு உள்ளங்கையில் துப்பினேன். ஐந்தாறு நெல்லும் நசுங்கி, முழுசாகக் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அவற்றுக்கு நடுவில் வெள்ளையாக, அரிசி அளவில் ஒரு துண்டு. அரிசி என்றுதான் முதலில் நினைத்தேன். உமி இல்லாத அரிசி என் கைக்கு எப்படி வந்தது என்று யோசித்தேன். நாக்கை மறுபடியும் அந்தக் கூரான இடத்துக்குக் கொண்டுபோனேன்.

கையை மூடிக்கொண்டேன். எல்லாரும் என் பக்கம் இருந்தார்கள். இன்னொரு தடவை கொஞ்சம் சத்தம் போட்டால் அந்த மனிதர் ஒருவேளை விட்டுக்கொடுத்தும் இருப்பார். ஆனால் ஈர நெல்லைக் காய்ந்தது என்று நான் இதுவரை சொன்னதில்லை. என் பெயரே அதில்தான் இருக்கிறது.

"சார், விடுங்க" என்றேன். "உங்க மெஷின்தான் சரி. உடைஞ்சது நெல்லு இல்ல, என் பல்லு."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. நான் கையைத் திறந்து காட்டினேன். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்த சிரிப்பு குத்தாலம் கடைத்தெரு வரை கேட்டிருக்கும். அலுவலர் சிரிக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கம்மா" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நானும் சிரித்தேன். சிரித்ததில் உதடு விலகி, உடைந்த இடத்தில் காற்று பட்டது. அப்போதுதான் பயம் வந்தது.

"நீ பஸ்ஸைப் புடி. நெல்லை நான் பாத்துக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு நெல்லைப் பத்தி என்னங்க தெரியும்?" என்றேன், வாயில் பாதிப் பல்லோடு. அவர் என் பையை என் தோளில் மாட்டிவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம். உடைந்த துண்டைக் கைக்குட்டை முனையில் முடிந்து பிடித்திருந்தேன். நாக்கு சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தையே போய்ப் போய்த் தொட்டது. தொட்டபோதெல்லாம் பல்லின் உட்பக்கம் லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது. பயந்தேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அறுவடை மெஷினுக்கு முன்னால் நின்று டிரைவரைத் திட்டியிருக்கிறேன், நடுச்சாமத்தில் தண்ணீர் திருப்பப் போயிருக்கிறேன், அப்போதெல்லாம் வராத பயம். ஆடுதுறை தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு பொட்டலம் வறுகடலையைப் பிரித்து, "எடுத்துக்கங்க" என்று நீட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து அவள் கடிப்பதைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில், இன்னும் இருக்கிற காலம் முழுக்கக் குழைந்த ரசம் சோற்றை முன்பல்லால் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

டாக்டர் என்னைப் பார்த்ததும் திட்டவில்லை. படுக்க வைத்து, விளக்கைத் திருப்பி, கொக்கியால் மெல்லத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"நான் கட்டுன பக்கம் அப்படியே நிக்குது. எதிர்ப்பக்கம், உங்க சொந்தச் சுவரு, அதுதான் விட்டுடுச்சு. பாதி உடைஞ்சு வந்துடுச்சு. மீதி ஆடுது. அதை எடுத்துப் பாத்தாத்தான் விரிசல் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியும்."

"கீழ போயிருந்தா?"

"எலும்புக்குக் கீழ போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாதும்மா. எடுத்துடணும்."

ஊசி போட்டார். வாய் மரத்துக்கொண்டே வந்தது. மேலே சீலிங்கில் ஒரு பல்லி அசையாமல் இருந்தது. அது நகர்வதற்குள் ஏதாவது தெரிந்துவிட வேண்டும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ அழுத்தியது. டக்கென்று ஒரு துண்டு தட்டில் விழுந்த சத்தம். டாக்டர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் அடித்தார். மறுபடியும் பார்த்தார். எனக்கு அவர் கண் மட்டும்தான் தெரிந்தது, மாஸ்க்குக்கு மேல். அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"விரிசல் ஈறுக்கு ஒரு நூல் மேலேயே நின்னுடுச்சு" என்றார். "வேரு நல்லா இருக்கும்மா. காப்பாத்திடலாம்."

நான் அழுதேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவது ரொம்பக் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். டாக்டர் டிஷ்யூவால் என் காதோரம் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தார். போன இடத்தில் மறுபடியும் அந்தப் பசை, மறுபடியும் அந்த நீல வெளிச்சம். இந்தத் தடவை பல்லின் தலையை எல்லாப் பக்கமும் கொஞ்சம் குறைத்து, மேலேயும் பசையால் மூடினார். "இப்ப எல்லாச் சுவரும் மூடிக்குள்ள இருக்கு, இனிமே விரியாது. ஆனாலும் கேப்புக்கு அளவு எடுக்காம உங்களை இன்னிக்கு வெளிய விடமாட்டேன்" என்றார்.

"அப்படி எதைத்தான் கடிச்சீங்க? பட்டியல் கொடுத்தேனே."

"நெல்லு" என்றேன், மரத்த வாயோடு. "பட்டியல்ல இல்ல."

அவர் கை நின்றது. மாஸ்க்கை இறக்கினார். "அய்யோ" என்றார். "நானும் லீவுக்கு ஊருக்குப் போனா, களத்துல கால் வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வாயில போட்டுக்குவேனே. எப்படிம்மா எனக்குத் தோணாமப் போச்சு!" என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். தன் மேலேயே வந்த கோபத்தில் சீட்டில் கொட்டை எழுத்தில் நெல் என்று எழுதினார்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. உதவிக்கு நின்ற பெண் ஸ்பீக்கரில் போட்டாள். என் வீட்டுக்காரர். பதினொரு மணிக்கு வெயில் வந்துவிட்டதாம். நெல்லை அங்கேயே பரப்பி, ரெண்டு ஆளை வைத்துக் கிளறிக் காயவைத்து, மூன்று மணிக்கு மெஷினில் பார்த்தார்களாம். சரியாக இருந்ததாம். எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். "பல்லு இருக்கா?" என்று கடைசியில் கேட்டார். இருக்கு என்று அந்தப் பெண் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நிம்மதியாகத்தான் இருந்தது. என் பல் இல்லாமலே நெல் போய்விட்டதே என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க முடியாமல் படுத்திருந்தேன்.

கடைசியாக டாக்டர் ஒரு மெல்லிய நீலக் காகிதத்தை அந்தப் பல்லின் மேல் வைத்தார். உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவாம்.

"கடிங்கம்மா."

என்னால் முடியவில்லை. வாய் மூட மறுத்தது. கீழ்ப்பல்லும் மேல்பல்லும் ஒரு விரல் தூரத்தில் நின்றன. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா கடிங்க. காகிதம்தான்."

"ஒண்ணும் ஆயிடாதே?"

"நான் வேணா பக்கத்துலயே நிக்கிறேன். ஆனா அது உங்க பல்லும்மா. நீங்கதான் கடிக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டேன். எதையும் நிதானமாகச் செய்து பழக்கமில்லாத நான், ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மெதுவாகக் கடித்தேன்.